விளையாட்டிலிருந்து வார்டு மெம்பர் வரை: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது எங்கள் ஊர். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். நான் கபடி ஆடினேன், வாலிபால் ஆடினேன், குண்டு எறிந்தேன். 2010-ல் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றேன். 2020-ல் ஜெயித்து ஐந்து வருடம் மெம்பராக இருந்தேன்.

அதற்கப்புறம் மேட்ச் முடிந்து உட்கார்ந்தால்கூட யாராவது ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து இதைப் பற்றித்தான் கேட்கிறது. கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைக்கிறேன். இது கேரளப் பஞ்சாயத்துக்களுக்கு மட்டும் பொருந்தும், தமிழ்நாட்டுச் சட்டம் வேறு. நான் எந்தக் கட்சி என்பதை இங்கே எழுதவில்லை. எல்லாக் கட்சி வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும்.

மெம்பருக்கு நிக்க என்ன தகுதி வேணும்? பத்தாவது பாஸ் ஆகணுமா?

படிப்புத் தகுதி எதுவும் இல்லை. வேட்புமனு கொடுக்கும் நாளில் 21 வயது முடிந்திருக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்தின் ஏதாவது ஒரு வார்டு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். நீங்கள் நிற்கிற வார்டிலேயே ஓட்டு இருக்கணும் என்பது கட்டாயமில்லை. ஆனால் உங்களை முன்மொழிகிறவர் அந்த வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். 18 வயதில் ஓட்டுப் போடலாம், நிற்பதற்கு இன்னும் மூன்று வருடம் பொறுக்கணும். அவ்வளவுதான்.

அக்கா, நீங்க ஒரே விளையாட்டுல நின்னிருந்தா இந்தியாவுக்கே ஆடியிருக்கலாமே? எதுக்கு மூணு?

எங்கள் ஊர் மாதிரி இடத்தில் விளையாட்டை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கேரளோத்சவம் என்கிற இளைஞர் கலை, விளையாட்டு விழா வரும்போது கபடிக்கு ஏழு பெண் பிள்ளைகள் வேண்டும், வாலிபாலுக்கு ஆறு வேண்டும், கயிறு இழுக்க ஆள் வேண்டும், குண்டு எறிய ஒருத்தி வேண்டும். ஊரில் இறங்கி ஆடத் தயாராக இருக்கிறவர்களே பத்துப் பேர். அப்புறம் அந்தப் பத்துப் பேரே எல்லாவற்றையும் ஆட வேண்டியதுதான். பஞ்சாயத்தில் ஜெயித்தால் பிளாக், பிளாக்கில் ஜெயித்தால் ஜில்லா, அதற்கப்புறம் மாநிலம். காலையில் 4 கிலோ குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மத்தியானம் வாலிபாலில் செட்டராக நின்று, விளக்கு போட்ட பிறகு கபடிக்கு இறங்கிய நாட்கள் எனக்கு உண்டு. மறுநாள் தென்னந்தோப்பில் வேலையும் உண்டு.

ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதில் எப்போதும் லாபம் என்றும் சொல்ல முடியாது. நம் செங்கல்பட்டுப் பக்கத்து எம்.ஜே. கோபாலனைப் பாருங்கள். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டோடு போனார். ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. அவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. அவர் எடுத்த முடிவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும்போது யாருக்கும் பலன் தெரியாது.

கனடாவில் லயனல் கோனாக்கர் என்று ஒருவர் இருந்தார். பத்துப் பிள்ளைகள் இருந்த ஏழை வீட்டில் பிறந்து, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஐஸ் ஹாக்கி, அவர்கள் ஊர்க் கால்பந்து, லக்ராஸ், பேஸ்பால், குத்துச்சண்டை, மல்யுத்தம் என்று எதையும் விடவில்லை. 1922-ல் ஒரே நாளில் பேஸ்பால் இறுதிப் போட்டியை முடித்துவிட்டு ஓடிப்போய் லக்ராஸ் இறுதியில் இறங்கினார், இரண்டிலும் ஜெயித்தார். 1937-ல் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்துக்கும், 1949-ல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைப் பற்றி முதலில் படித்தபோது, கேரளோத்சவத்தில் ஓடி ஓடி ஆடிய எங்கள் பத்துப் பேரும்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

விளையாட்டுக்காரங்களுக்கு அரசியல் எதுக்கு? ஆட்டத்தைப் பாத்துட்டு இருந்தாப் போதாதா?

நீங்கள் ஆடுகிற மண் யாருடையது? பெரும்பாலும் பஞ்சாயத்துடையது, இல்லை என்றால் பள்ளிக்கூடத்துடையது, இல்லை என்றால் புறம்போக்கு. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் பஞ்சாயத்தின் பொறுப்புகளில் விளையாட்டு மைதானம் அமைப்பதும் ஒன்று. கேரளோத்சவத்தை நடத்துவதும் பஞ்சாயத்துதான். பந்து, நெட், மைதானத்தில் ஒரு விளக்கு, பெண் பிள்ளைகள் துணி மாற்ற ஓர் அறை எல்லாமே பஞ்சாயத்துக் கமிட்டி மேசையில் முடிவாகிற விஷயங்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவராவது மைதானத்தில் முட்டியை உரசிக்கொண்டவராக இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

"சாதாரண பஞ்சாயத்தால் என்ன ஆகிவிடும்" என்று கேட்பவர்களுக்கு நான் பக்கத்திலேயே இருக்கிற பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சொல்வேன். அங்கே பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று ஆதிவாசி மக்கள் போராடினார்கள். 2003-ல் பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து அந்த ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு கம்பெனிக்கு எதிராக அந்தத் தீர்மானத்தைப் போட்டது ஒரு கிராமப் பஞ்சாயத்து.

நான் ஆடுனா ஊரே விசிலடிக்குது. ஓட்டு தானா வந்துடும்ல?

வராது. 2010-ல் நான் இதே கணக்கோடுதான் நின்றேன். அந்த வருடம்தான் கேரள உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்பது முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. எங்கள் வார்டு பெண்கள் வார்டு ஆனது. எனக்கு 26 வயது, ஜில்லா கபடி டீமில் இருந்தேன். சுயேச்சையாக நின்றேன். ஆட்டம் பார்க்கக் கூடும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு, பாதி வார்டு நம் பக்கம் என்று நம்பினேன்.

ஓட்டு எண்ணி முடித்தபோது நூறுக்கு மேல் வித்தியாசத்தில் பின்னால் இருந்தேன். அப்புறம் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். விசிலடித்த பையன்களில் பாதிப் பேர் பக்கத்து வார்டு, சில பேர் பொள்ளாச்சிப் பக்கம், சில பேருக்கு 18 வயது ஆகவில்லை. பட்டியலில் இருந்தவர்களோ தொழிலுறப்பு (நூறு நாள்) வேலைக்குப் போகிற அம்மாக்கள், பென்ஷனுக்குக் காத்திருக்கிற தாத்தாக்கள், ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிடுகிறவர்கள். மின்விளக்கு போட்டு நடக்கிற கபடியை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. என்னை எதிர்த்து ஜெயித்த அக்கா குடும்பஸ்ரீ பெண்கள் குழுவில் பத்து வருடம் கணக்கு எழுதியவர். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி என்பதுவரை அவருக்குத் தெரியும்.

விளையாட்டு உங்களுக்குக் கொடுப்பது ஒன்றுதான்: கதவைத் தட்டினால் "இது இன்னார் மகள், கபடி ஆடுமே" என்று உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீர் ஒரு வாரமாக வரவில்லை என்றும் அப்போதே சொல்வார்கள். பாலக்காடு மாவட்டம் என்றால் எல்லோரும் பச்சை வயலை நினைப்பார்கள். எங்கள் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூருக்கு வரவேண்டும். அது எப்போது, எவ்வளவு வருகிறது என்பதுதான் இங்கே எல்லா வீட்டுத் திண்ணையிலும் பேச்சு. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நான் பதக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

தோத்ததும் எப்படி ஊருக்குள்ள தலை காட்டுனீங்க?

மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல வாலிபால் கோர்ட்டுக்குப் போனேன். பிள்ளைகள் வந்தார்கள். பத்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை, அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. ஆடிப் பழகியவர்களுக்குத் தோல்வி ஒன்றும் புதிதில்லை. ஒரு சீசனில் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகமாக இருக்கும்.

அதற்கப்புறம் நான் செய்தது கிராமசபைக்கு விடாமல் போனதுதான். 2015-ல் எங்கள் வார்டு பொது வார்டானது, நான் நிற்கவில்லை. ஆனால் பத்து வருடத்தில் வார்டின் ஒவ்வொரு குழாயும் தெருவிளக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. உக்ரைனின் குத்துச்சண்டை வீரர் விட்டாலி கிளிச்கோ கீவ் நகர மேயர் பதவிக்கு 2006-லும் 2008-லும் நின்று தோற்றார், 2014-ல்தான் ஜெயித்தார். உலகச் சாம்பியனுக்கே மூன்று தடவை ஆகியிருக்கிறது.

எவ்வளவு செலவாகும்? கையில காசில்ல.

கட்டுத்தொகை (டெபாசிட்) 2025 தேர்தலில் கிராமப் பஞ்சாயத்துக்கு 2,000 ரூபாய். பிளாக்குக்கு 4,000, ஜில்லாவுக்கு 5,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. கிராமப் பஞ்சாயத்து வேட்பாளர் அதிகபட்சம் 25,000 ரூபாய்தான் செலவழிக்கலாம்.

கணக்கு நோட்டை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ரிசல்ட் வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்காவிட்டால் ஐந்து வருடம் நிற்க முடியாமல் தகுதி போய்விடும். தோற்ற வருத்தத்தில் இதை மறந்து, அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போனவர்கள் உண்டு.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைச்சிருக்கு. வேலைல இருந்துக்கிட்டே நிக்கலாமா?

கூடாது. மாநில அரசு, மத்திய அரசு, அரசு நிறுவனம், உள்ளாட்சி இவற்றில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தகுதி கிடையாது. போலீஸ் டீம், ரயில்வே டீம் எல்லாம் இதில் வரும். தற்காலிக வேலை, தினக்கூலி என்றாலும் "அது பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்தல் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் மனசாரச் சொல்வது, கோட்டா வேலையை விட்டுவிட்டு மெம்பருக்கு நிற்காதீர்கள். கேரளாவில் விளையாட்டுக்காரர்களுக்கு வருடத்துக்கு 50 வேலைதான் ஒதுக்குகிறார்கள், மாநிலம் முழுக்க. மெம்பருக்குக் கிடைக்கிற மதிப்பூதியத்தில் ஒரு குடும்பம் நடத்த முடியாது. நான் அந்த ஐந்து வருடமும் மாடு வளர்த்துத்தான் சமாளித்தேன்.

எனக்கு ஓட்டு பொள்ளாச்சிப் பக்கமும் இருக்கு, இங்கயும் இருக்கு. பிரச்சினை வருமா?

வரும். எல்லையில் இது சாதாரணமாக நடக்கிறது. அம்மா வீடு அந்தப் பக்கம், அப்பா வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். ஆனால் சட்டப்படி ஓர் ஆள் ஓர் இடத்தில்தான் வாக்காளராக இருக்கலாம். நீங்கள் நிற்கிற அன்றைக்கு எதிர்த் தரப்பு முதலில் தேடுவது இதைத்தான். ஒரு பக்கம் பெயரை எடுக்க இப்போதே எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று: சட்டமன்றத் தேர்தல் பட்டியலில் பெயர் இருந்தால் பஞ்சாயத்துப் பட்டியலிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் கமிஷன் தனியாகப் பட்டியல் போடுகிறது. வருடா வருடம் போட்டிக்காக வெளியூரில் தங்குகிற பிள்ளைகளின் பெயர்தான் அதிகம் விட்டுப்போகிறது.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. கமிட்டில சிரிப்பாங்களா?

எனக்கும் அதே பயம் இருந்தது. நான் படித்தது தமிழ் மீடியம். அஜெண்டா, மினிட்ஸ், அரசு உத்தரவு எல்லாம் மலையாளத்தில் வரும். முதல் ஆறு மாதம் என் மகன் ராத்திரி உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். அப்புறம் நானே எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது வருடத்தில் ஓவர்சியர் எழுதிய எஸ்டிமேட்டில் தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்தது. திருச்சூர் முளங்குன்னத்துக்காவில் இருக்கிற கிலா நிறுவனம் புது மெம்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கும், விடாமல் போங்கள்.

உரிமை என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1969-ல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று சொன்னது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு ஆபீஸ்களுக்கும் எழுதலாம். சித்தூர் தாலுகா அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி. உறுதிமொழியைத் தமிழில் எடுப்பவர்கள் வாசகத்தை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டிச் சரிபாருங்கள். 2021-ல் தேவிகுளம் எம்.எல்.ஏ. தமிழில் எடுத்தபோது, மொழிபெயர்த்துக் கொடுத்த வாசகத்தில் குறை இருந்து மறுபடி எடுக்க வேண்டி வந்தது. அவர் மேல் தப்பில்லை, ஆனாலும் அலைந்தது அவர்தான்.

எங்க தாத்தா கோயம்புத்தூர்ல இருந்து வந்தவரு. நான் எஸ்.சி. தனி வார்டுல நிக்கலாமா?

இதற்கு நான் "ஆம்", "இல்லை" என்று சொல்லவே கூடாது. கேரளாவுக்கான எஸ்.சி. பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும். 1950-ல் எஸ்.சி. சாதிகளை அறிவித்த குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதும் கேள்வியாக வரும். அக்கரையில் வாங்கிய சான்றிதழ் இக்கரையில் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தாலுகா ஆபீஸில் கேரளச் சான்றிதழ் வாங்கிவிட்டு மனுப் போடுங்கள். பழைய ரேஷன் கார்டு, தாத்தா வேலை பார்த்த தோட்டத்துச் சீட்டு, பள்ளிக்கூட ரெக்கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேவிகுளம் தனித் தொகுதியில் ஜெயித்தவரின் தகுதி பற்றிய வழக்கில் 2023-ல் ஹைகோர்ட் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. 2025-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. நடுவில் இரண்டு வருடம்.

பொம்பளை வார்டுன்னா புருஷன்தானே மெம்பர் வேலை பாப்பாரு?

என்னிடம் இதை நேராகவே கேட்டார்கள், அதுவும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து. ஜெயித்த முதல் வாரத்தில் போன் வந்தால் "அண்ணன்கிட்ட குடுங்க" என்பார்கள். என் வீட்டுக்காரர், "கையெழுத்து போடுறது அவங்க, அவங்ககிட்டயே பேசுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்சியர் அளக்க வரும்போது நீங்களே போய் டேப்பின் ஒரு முனையைப் பிடியுங்கள். இரண்டு மாதத்தில் ஊர் பழகிவிடும்.

ஆடிய பெண்களுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது. ஆம்பளைகள் நிறைய இருக்கிற இடத்தில் சத்தம் போட்டுப் பேசவும், பத்துப் பேர் பார்க்கக் கீழே விழுந்து எழுந்திருக்கவும் எங்களுக்குக் கூச்சம் இல்லை.

ஜெயிச்சதும் முதல் வேலையா கிரவுண்டு கட்டிடலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு நாலு வருடம் ஆனது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

முதலில் நிலம். பஞ்சாயத்து ஆஸ்திப் பதிவேட்டில் இல்லாத இடத்தில் பஞ்சாயத்துப் பணத்தைப் போட முடியாது. நாங்கள் இருபது வருடமாக ஆடிய இடம் யார் பெயரில் இருக்கிறது என்று அதுவரை யாருமே பார்த்ததில்லை. சர்வேயர் வந்து அளந்தபோது ஒரு பக்கம் வேலி உள்ளே வந்திருந்தது தெரிந்தது. அதைப் பேசி முடிக்கவே ஒரு வருடம். மாநில அரசின் "ஒரு பஞ்சாயத்து, ஒரு களிக்களம் (விளையாட்டு மைதானம்)" திட்டம் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய் வேலை, 50 லட்சம் விளையாட்டுத் துறை கொடுக்கும், மீதியை எம்.எல்.ஏ. நிதி, உள்ளாட்சி நிதி போன்றவற்றில் சேர்க்க வேண்டும். எங்கள் இடம் அதற்குப் போதவில்லை. அதனால் பஞ்சாயத்துத் திட்ட நிதிக்குப் போனோம். அந்த வழி இது: கிராமசபையில் கோரிக்கை, பணிக்குழு, வளர்ச்சிக் கருத்தரங்கு, கமிட்டித் தீர்மானம், ஜில்லா திட்டக் கமிட்டியின் அனுமதி, எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். எங்காவது ஒரு படியில் ஒரு மாதம் நின்றால் மார்ச் 31 வந்து நிதியாண்டு முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு தடவை அப்படி நின்றுபோனது.

இதற்கிடையில் கிராமசபையில் ஒரு பாட்டி எழுந்து, "குடிக்கத் தண்ணியில்ல, பந்து விளையாட இடமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது, 2010-ல் நான் தோற்ற காரணத்தைத்தான் அவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. முதல் இரண்டு வருடத் திட்டத்தில் எங்கள் வார்டுக்குக் குழாய் நீட்டிப்பும் தொட்டியும் எழுதினேன். மூன்றாம் வருடக் கிராமசபையில் மைதானத்தை வைத்தபோது அந்தப் பாட்டியே கையைத் தூக்கினார். பெரிதாக ஒன்றும் கட்டவில்லை: 18-க்கு 9 மீட்டரில் இரண்டு வாலிபால் கோர்ட்டு, ஒரு கபடிக் களம், மழைத் தண்ணீர் போக வாய்க்கால், தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் கழிப்பறையும். அந்த அறையைத்தான் நான் அதிகம் போராடி வாங்கினேன். எங்கள் காலத்தில் துணி மாற்ற இடம் இல்லாமல் வயதுக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். என்னைவிட நன்றாக ரெய்டு போனவள் ஒருத்தி அதில் உண்டு.

மெம்பரா இருந்துக்கிட்டே கேம்புக்கு, டோர்னமென்டுக்குப் போலாமா?

போகலாம், ஆனால் தேதியைக் கவனியுங்கள். அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் கூட்டங்களுக்கு வராவிட்டால் பதவி போய்விடும். அந்த மூன்று மாதத்தில் மூன்று கூட்டத்துக்குக் குறைவாகவே நடந்திருந்தால், வரிசையாக மூன்று கூட்டம் தவறினாலே போகும். நீண்ட கேம்ப் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கமிட்டியின் அனுமதி வாங்குங்கள்.

கிராமசபை இன்னும் முக்கியம். வார்டு கிராமசபையின் கன்வீனர் மெம்பர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டத் தவறினால் பதவியே போகும். என் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை கிராமசபையும் ஜில்லா இறுதிப் போட்டியும் ஒரே நாளில் வந்தன. நான் கிராமசபைக்குப் போனேன். டீம் ஜெயித்தது, போட்டோவில் நான் இல்லை. இன்றைக்கும் அந்தப் போட்டோவைப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கும்.

எலக்‌ஷன் நேரத்துல நம்ம பசங்களுக்கு ஜெர்சி வாங்கிக் குடுத்தா தப்பா?

தப்பு. ஓட்டுக்காகப் பொருள் கொடுப்பது லஞ்சம், தேர்தலே செல்லாது என்று ஆகலாம். கோப்பைக்குப் பணம், டோர்னமென்ட் சாப்பாட்டுச் செலவு, பந்து வாங்கிக் கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும். வருடா வருடம் நீங்கள் செய்கிறதாக இருந்தாலும் அந்த ஒரு சீசனை விட்டுவிடுங்கள். எங்கள் கிளப்பில் 2020-ல் டோர்னமென்டையே தேர்தல் முடிகிறவரை தள்ளி வைத்தோம். கோவிட் காலம் என்பதால் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. ஓட்டுக் கேட்கவே வீட்டுக்கு ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது என்று இருந்த சமயம் அது. எனக்கு அதுவே நல்லதாகப் போனது, கூட்டம் இல்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேச முடிந்தது.

கட்சில நிக்கிறதா, சுயேச்சையாவா? கட்சில போனா வாயத் திறக்க முடியாதுங்கறாங்க.

இரண்டிலும் நின்றவள் நான். சுயேச்சையாக நின்றபோது பூத்தில் உட்கார ஏஜெண்ட் தேடவே இரண்டு நாள் ஆனது. கட்சி இருந்தால் ஆள் இருக்கும், கமிட்டியில் உங்கள் தீர்மானத்துக்குக் கை தூக்க ஆள் இருக்கும். அதற்கு விலையும் உண்டு. 1999-ல் வந்த உள்ளாட்சிக் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சிச் சின்னத்தில் ஜெயித்துவிட்டு, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சி உத்தரவை (விப்) மீறினால் பதவி போகும். சுயேச்சையாக ஜெயித்துவிட்டு நடுவில் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் போகும். இதைத் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாயைத் திறப்பது பற்றி ஒரு மனிதரைச் சொல்கிறேன். ரால்ஃப் மெட்கால்ஃப், அமெரிக்க ஓட்டக்காரர். 1936 பெர்லினில் 100 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர், தொடர் ஓட்டத்தில் தங்கம். 1955-ல் சிகாகோ நகர மன்றத்தில் ஒரு வார்டுக்கு உறுப்பினர் ஆனார், நம் மெம்பர் மாதிரிதான். மேயர் ரிச்சர்ட் டேலியின் கட்சி அமைப்புக்குள் பல வருடம் ஒழுங்காக இருந்து, அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனார். 1972-ல் போலீஸ் கறுப்பின மக்களை அடிப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசி மேயரோடு முறித்துக்கொண்டார். அவர் பேசியது தாமதம் என்று சிலர் சொல்லலாம். அந்த அமைப்பு அவரைத் தோற்கடிக்கப் பார்த்தும் அவர் தொகுதி ஜனங்கள் கைவிடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது.

பி.டி. உஷா மாதிரி நேரா டெல்லிக்குப் போக முடியாதா?

உஷா அக்கா 2022-ல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினராகப் போனார். அது ஓட்டுக் கேட்டுப் போகிற வழி இல்லை, அந்த உயரத்தில் சாதித்தவர்களுக்கு வருகிற அழைப்பு. ஓட்டு வாங்கிப் பெரிய அரசியல் செய்த வீரர் என்று கேட்டால் நான் ஜெய்பால் சிங் முண்டாவைச் சொல்வேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். பின்னால் ஆதிவாசிகளுக்காக அரசியல் நிர்ணய சபையில் பேசியவர். 1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தில் 32 இடம் பிடித்தது. அவருடைய ஜனங்களின் நிலம், மொழி, காடு பற்றித்தான் அவர் பேச்செல்லாம் இருந்தது, ஹாக்கியைப் பற்றி இல்லை.

2025-ல நீங்க ஏன் மறுபடி நிக்கல? பயந்துட்டீங்களா?

வார்டுகளைத் திருத்தி வரைந்தபோது எங்கள் வார்டின் எல்லை மாறியது, பெண்கள் வார்டு பொது வார்டு ஆனது. பொது வார்டில் பெண் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, நான் நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் கோர்ட்டில் வாலிபால் பழகி வந்த ஒரு பையன் மூன்று வருடமாகக் கிராமசபைக்கு ஒன்றுவிடாமல் வந்துகொண்டிருந்தான். எந்தக் குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வான். அவன் நிற்கட்டும் என்று நானே சொன்னேன். டிசம்பர் 11 ஓட்டுப் பதிவு அன்று அவனுக்குப் பூத் ஏஜெண்டாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

13-ஆம் தேதி ரிசல்ட் வந்தது, அவன் தோற்றான். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் கோர்ட்டுக்குப் போனபோது அவன் எனக்கு முன்னால் வந்து நெட் கட்டிக்கொண்டிருந்தான்.